காற்றில் போட்ட துண்டு

நொச்சிக்கரட்டில் பஸ் நின்றுபோய் மூன்று மாதம் கழித்து, பஸ் வந்து நின்ற அதே புளியமரத்தடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை விருமாயி வீசிய துண்டு கீழே விழவில்லை. பஸ் ஜன்னல் வழியாக உள்ளே போட்டால் எந்த உயரத்தில் கிடக்குமோ அந்த உயரத்தில், ஒரு சீட்டின் மேல் விரித்ததுபோல, சிவப்புக் கரை வெளியே தெரியக் காற்றில் கிடந்தது. விருமாயி அதைப் பார்த்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் திரும்பி, "எடம் கெடச்சிருச்சு, எந்திரிங்க" என்றாள். அதற்கப்புறம்தான் பஸ் இல்லையே என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

துண்டு போட்டு இடம் பிடிப்பதில் விருமாயியை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. டவுன் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி வளைந்து திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் கம்பிக்கு நடுவே துண்டை விடுவாள். அவள் குறிவைத்த சீட்டில்தான் அது போய் உட்காரும். பாத்திரம் தேய்க்கக்கூட அவ்வளவு வேகமாகக் கை அசைந்ததில்லை என்று அவள் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆனால் இந்த வித்தைக்கு அவளிடம் ஒரு தர்மமும் இருந்தது. பிறத்தியார் போட்ட துண்டை அவள் தொடமாட்டாள். ஆள் இல்லாத சீட்டில் வெறும் துண்டு கிடந்தாலும், கால் கடுக்க நின்றாலும் நிற்பாளே தவிர அதை நகர்த்தமாட்டாள். அடுத்தவன் துண்டைத் தள்ளிவிட்டு உட்காருகிறவர்களை அவள் மனுஷ ஜென்மத்தில் சேர்ப்பதில்லை.

இந்த ஓட்டமெல்லாம் அவளுக்காக அல்ல. அவள் புருஷன் சோலையப்பன் கிணறு வெட்டுகிறவன்; பாறையோடு மல்லுக்கட்டிய உடம்பு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் நாற்பத்தைந்து வயதிலேயே ஒடுங்கிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் டவுன் பெரியாஸ்பத்திரியில் மெஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும், அதற்கு மேல் தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டரம்மா விருமாயியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மெஷினிலிருந்து இறங்கியவனால் நிற்க முடியாது. ஆகவே அவனுக்கு ஜன்னலோர சீட்டு. பக்கத்து சீட்டுக்குக் கைப்பிள்ளைக்காரி வருவாள், வயதானவர் வருவார், விருமாயி விட்டுக்கொடுப்பாள். மருந்துப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேல்கம்பியைப் பிடித்தபடி புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டே வருவாள்.

பஸ் நின்றுபோன கதை தனிக் கூத்து. பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டி ஊருக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடிகிறவரை நொச்சிக்கரட்டில் ஒருத்தரும் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள்; கலெக்டரே கூப்பிட்டாலும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பதில் சொல்வார்கள். சரியாக அந்த வாரம் பார்த்துத்தான், இந்த ரூட்டில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவதற்கு டிப்போவிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்கள் காலையும் மாலையும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து எண்ணினார்கள். எண்ணுவதற்கு விருமாயியும் சோலையப்பனும் மட்டும்தான் இருந்தார்கள், அதுவும் இரண்டே நாள். இப்படியொரு காலி வண்டிக்கு டீசல் எதற்கு என்று மேலே முடிவெடுத்து, பஸ்ஸை வேறு ரூட்டில் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் பஸ் பிடிக்க வேண்டுமானால் கருவேலங்காட்டு வழியாக, ஊர்ப்பாதை பிரிகிற மெயின் ரோட்டு விலக்குவரை நடக்க வேண்டும். பெயரே விலக்கு, அங்கே பஸ் நிற்பதும் டிரைவர் மனசைப் பொறுத்தது.

ஊரில் சிலர் வேறு காரணம் சொன்னார்கள். காப்புக் கட்டின பிறகு எல்லை தாண்டினது யாரு? அம்மன் கோபிக்காமல் என்ன செய்வாள்? குழாயடியில் இதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் எதிர்வீட்டு வெள்ளையம்மா. ஜன்னல் சீட்டுக்கு விருமாயியோடு பல வருஷம் ஓடித் தோற்றவள் அவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விருமாயி, "ஆத்தாளுக்குத் தெரியும், எனக்கு எது மொதல்லன்னு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்துதான் அழுவாள்.

மூன்று மாதமாக இருவரும் விலக்குக்கு நடந்தார்கள். முதலில் அவன் நடந்தான், பிறகு அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தான், பிறகு மரத்துக்கு மரம் உட்கார்ந்து நடந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் மரமான புளியமரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னைக்கு வேணாம் புள்ள. காலு வரமாட்டேங்குது" என்றான். விருமாயிக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல், பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து, "நாசமாப் போறவனுகளா!" என்று கத்தித் தோளில் கிடந்த துண்டை உருவி வீசினாள். கோபத்தில் வீசினாலும் கை பழகிய கை, மூன்றாவது ஜன்னலுக்குத்தான் போட்டது.

அப்படித்தான் அது காற்றில் நின்றது. விருமாயி போய் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் இருளப்பன் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இழுத்தார், வரவில்லை. சோலையப்பன் மெல்ல எழுந்து வந்து தொட்டான். துண்டு சாதாரணமாக அவன் கையோடு வந்தது. திரும்ப வைத்தான், கிடந்தது.

இருளப்பன் துண்டையும் சோலையப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிதான் மதினி. நீங்க அண்ணனுக்குப் போட்ட எடம். யாருக்குப் போட்டதோ அவுக கையிலதான வரும்" என்றார். அதோடு அந்த விஷயம் அவருக்குத் தெளிவாகிவிட்டது. தெளிவாகாத விஷயம் வேறொன்று. "எடம் போட்டாச்சு. ஆள எப்பிடி விட்டுட்டுப் போறது?" என்று சொல்லி, அந்த நேரத்துக்கு வந்த பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். வண்டி ஓட்டுகிற சந்தியாகு இறங்கிவந்து துண்டைப் பார்த்தார், சோலையப்பனின் காலைப் பார்த்தார். "தெனம் இந்த வழியாத்தான போறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கடிந்துகொண்டு, இருவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

மறுநாள் விடிந்தபோது விருமாயியின் துண்டுக்கு நேர் பின்னால் இன்னொரு துண்டு கிடந்தது. வெள்ளையம்மா போட்டது. அவள் போட்ட பிறகு ஊர் சும்மா இருக்குமா? கொத்தனார் தன் கரண்டிப் பையைப் போட்டார், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் ரெட்டை ஜடை ரிப்பனைக் கழற்றிப் போட்டார்கள், கீரைக்காரி சும்மாட்டைப் போட்டாள், ஒருவர் குடையைப் போட்டார், ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் போட்டார், போடுவதற்கு ஒன்றும் இல்லாத பூசாரி ஒரு வேப்பங்கொத்தைப் போட்டார், பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து சேதி கேட்டு வந்தவர்கள் சோற்றுப்பையும் துப்பட்டாவும் குழந்தையின் குல்லாவும் போட்டார்கள், எல்லாம் இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் மூன்றுமாக, நடுவில் ஆள் போக வழிவிட்டு, வரிசை பிசகாமல் காற்றில் கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும், கிட்டே போனால் பஸ்.

ஊர் அதைப் பஸ்ஸாகவே நடத்தியது. யாரும் அதன் குறுக்கே நடப்பதில்லை, பின்பக்கமாகச் சுற்றித்தான் போனார்கள். குறுக்கே ஓடிய பிள்ளைகளுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. ஆடுகள் மட்டும் அடியில் புகுந்து நிழலுக்குப் படுத்துக்கொண்டன. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை நடந்தது. முன் சீட்டு எனக்குத்தான் என்று பூசாரி மல்லுக்கு நின்றார். ஒரு சாயங்காலம் நிதானம் தவறி வந்த ஒருத்தர் தன் துண்டின் மேல் உட்காரப்போய்த் தரையில் விழுந்து, ஆடு கலைந்து ஓட, "துண்டுக்கு எடமிருக்கு, போட்டவனுக்கு இல்லையா, என்னய்யா நியாயம்?" என்று கேட்டார். போதையில் கேட்டாலும் சரியான கேள்விதான் என்று ஊர் பேசிக்கொண்டது.

இன்னொன்றும் நடந்தது. அதுவரை யார் எதற்கு டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது அவரவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. துண்டு வெளியில் கிடக்கவும் கேட்கத் தோன்றியது.

"நீ எதுக்குடி டவுனுக்கு?" என்று விருமாயி வெள்ளையம்மாவைக் கேட்டாள். வம்புக்குத்தான் கேட்டாள்.

"கண்ணுல புரை. வலது கண்ணு சுத்தமாத் தெரியல" என்றாள் வெள்ளையம்மா. "நடந்து போவம்னா வழியில குழி தெரிய மாட்டேங்குது."

எதிர்வீட்டில் ஒருத்தி அரைக்கண்ணோடு நடமாடியது தனக்குத் தெரியவில்லையே என்று விருமாயிக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை சந்தியாகுவின் வண்டியில் வெள்ளையம்மாவையும் இடித்துப் பிடித்து ஏற்றிக்கொண்டாள். குழாயடியில் அம்மன் கோபத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

எல்லா இடமும் நிரம்பிவந்த நாட்களில் ஒருநாள், சோலையப்பனின் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பச்சைக் கட்டம்போட்ட துண்டு கிடந்தது. புத்தம் புதுசு, கடைக்காகிதம்கூடக் கிழிக்கவில்லை. யார் போட்டது என்று தெரியவில்லை. விருமாயி நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பியபோது அது அங்கே கிடந்தது. நாலைந்து பேர் தங்களுடையதோ என்று இழுத்துப் பார்த்தார்கள், யார் கையிலும் வரவில்லை. விருமாயி மட்டும் இழுக்கவில்லை, அவள்தான் தொடமாட்டாளே. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எவளோ காத்து வாங்கத் துண்டு போட்டிருக்கா, சீக்காளி பக்கத்துல வந்து நெருக்கியடிச்சு உக்காரவா?" என்று டீக்கடையைப் பார்த்துத் தினமும் ஒரு பாட்டம் திட்டினாள். இருளப்பன் டீ ஆற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

சேதி டிப்போவுக்குப் போய், ஒருநாள் உச்சிவெயிலில் கிளை மேனேஜரே ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் அல்ல, வேலை அதிகம். காற்றில் கிடந்ததையெல்லாம் சுற்றிவந்து பார்த்தார். பஸ்ஸிலேயே வாழ்க்கையைக் கழித்தவர் என்பதால் எந்தத் துண்டு எந்த சீட் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி சீட்டுவரை நிரம்பியிருந்தது.

"இந்த ரூட்ல ஆளே இல்லன்னுதானம்மா எங்களுக்குக் கணக்கு வந்துச்சு" என்றார்.

"நீங்க எண்ணுனது காப்புக் கட்டுன வாரம் சார்" என்றாள் விருமாயி. "அந்த வாரம் எங்க ஊர்ல கோழிகூட எல்லை தாண்டாது. உங்காளு ஒரு வார்த்தை கேட்டிருந்தா டீக்கடையிலயே சொல்லியிருப்பாகள்ல?"

மேனேஜருக்குச் சொந்த ஊர் தெற்கே ஒரு கிராமம். காப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "தப்புதான்மா. ஆனா வண்டி பழசு ஒண்ணு இருக்கு, அனுப்பலாம். இந்தக் குண்டுங்குழி ரோட்டுக்கு வர டிரைவரும் ஒத்துக்கமாட்டாங்க, கண்டக்டரும் ஒத்துக்கமாட்டாங்க. நான் யாரைப் போடுறது?" என்றார். சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, கையில் வைத்துக்கொள்ள இடமில்லாதவர்போல அதைப் பக்கத்தில் வைத்தார். அது நின்றது. ஊரே துண்டு போட்டும், மரியாதைக்காக யாரும் தொடாமல் விட்டிருந்த இடங்கள் இரண்டுதான், ஒன்று டிரைவர் சீட், இன்னொன்று கண்டக்டர் சீட். மேனேஜரின் கைக்குட்டை கண்டக்டர் சீட்டில் கிடந்தது. அவர் எடுக்கப் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

"விட்டுருங்க சார்" என்றார் இருளப்பன். "கண்டக்டரு வந்து எடுத்துக்கிடுவாரு."

மேனேஜர் வழியும் வியர்வையோடு ஜீப்பில் ஏறிப் போனார்.

அதற்கடுத்த வாரம்தான் சோதனை வந்தது. சந்தியாகுவின் பால் வண்டி அச்சு முறிந்து ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறியது. செவ்வாய்க்கிழமையும் தவறப் பார்த்தது. சோலையப்பனின் முகம் ஊதி, கண் இடுங்கி, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினான். வீட்டுக்குள் கிடக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, விருமாயியைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்து, தன் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"போதும் புள்ள" என்றான். "நீ ஓடுனதெல்லாம் போதும். எனக்கு எடம் போட்டு எடம் போட்டு உன் காலே தேஞ்சிருச்சு."

"வாய மூடுங்க" என்றாள் விருமாயி. அவன் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள், அந்த ஒரு கணத்தையே அவளால் தாங்க முடியவில்லை.

அப்போது கருவேலங்காட்டுப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. வந்தவர் தனுஷ்கோடி, இந்த ரூட்டில் பழைய பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர்; இப்போது பைபாஸ் வண்டியில் போட்டிருந்தார்கள், வழுவழுவென்ற ரோடு. டிப்போவில் எல்லோரும் மேனேஜரின் கைக்குட்டையைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, வார லீவில் கிளம்பி வந்துவிட்டார். டிரைவர்கள் சீட்டில் விரித்துக்கொள்வார்களே, தடித்த பூத்துவாலை, அது அவர் தோளில் கிடந்தது. வண்டியை நிறுத்தினார். நேராகப் போய், காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டில் துவாலையை உதறி விரித்தார். அது நின்றது. அதன் மேல் கையை வைத்து, கண்ணாடியைச் சரிபண்ணுவதுபோலக் காற்றில் ஒரு திருகு திருகிவிட்டுத்தான் திரும்பினார்.

திரும்பியவர் சோலையப்பனின் முகத்தைப் பார்த்தார். "அடப்பாவி, இதென்னய்யா இப்பிடி ஊதிப் போயிருக்க? தங்கச்சி, பின்னால உக்காந்து அவரப் பிடிச்சுக்க" என்றார். மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில், நடுவில் சோலையப்பனை இருளப்பன் கொடுத்த துண்டால் டிரைவரோடு சேர்த்துக் கட்டி, குழி குழியாக விலகி விலகி டவுனுக்குப் போனார்கள். வீச்சு வீச்சென்று அவன் மூச்சு வாங்குவதை வழியெல்லாம் விருமாயி அவன் முதுகில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள், மெஷினில் படுக்கவைத்த பிறகுதான் காதை எடுத்தாள். தனுஷ்கோடி ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேராக டிப்போவுக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றார். "சார், நொச்சிக்கரட்டு வண்டில எனக்கு எடம் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஊர் ஓடிவந்தது. பழைய வண்டிதான், பெயிண்ட் மட்டும் புதுசு. தனுஷ்கோடி வண்டியை நின்றுகொண்டு ஓட்டிவந்தார், சீட்டுக்குப் போட்ட துவாலை இன்னும் இங்கேதானே கிடக்கிறது. புளியமரத்தை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற நிதானத்தில், வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். துண்டுகள் அசையவில்லை. பஸ்தான் அவற்றைச் சுற்றி வந்து சேர்ந்தது; கண்ணாடி வந்தது, கம்பிகள் வந்தன, ஒவ்வொரு துண்டின் அடியிலும் அதனதன் சீட் வந்து நின்றது. பூசாரியின் வேப்பங்கொத்து முன் சீட்டில் கிடந்தது. ஆடுகள் கடைசி நேரத்தில்தான் எழுந்து போயின. புதுக் கண்டக்டர் ஏறி, தன் சீட்டில் கிடந்த கைக்குட்டையை எடுத்து, யாருடையதென்று தெரியாமல் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ஒருத்தரும் முண்டியடிக்கவில்லை. அவரவர் இடத்துக்குப் போய், அவரவர் துண்டை எடுத்துக்கொண்டு, வெகுநாள் உட்கார்ந்த இடம்போல உட்கார்ந்தார்கள். விருமாயி புருஷனைக் கைத்தாங்கலாக ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பக்கத்தில் அந்தப் பச்சைத் துண்டு அப்படியே கிடந்தது.

"யாரு துண்டுய்யா இது? வந்து உக்காருங்க, வண்டி கெளம்பப் போகுது" என்று சத்தம் போட்டாள். யாரும் வரவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. அவள் மருந்துப்பையைத் தோளில் மாட்டி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துட்டு உக்காரேன்டி" என்றாள் பின்சீட்டு வெள்ளையம்மா.

"பிறத்தியார் துண்ட நான் தொடமாட்டேன்."

கண்டக்டர் வந்து, ஆளில்லாத சீட்டுக்குத் துண்டு எதற்கென்று இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சோலையப்பன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்; வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் கருவேலங்காடு.

ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய குழி. வண்டி ஒரு ஆட்டம் ஆட, விருமாயியின் பிடி நழுவி, விழாமல் இருக்கக் கையை ஊன்றினாள். ஊன்றிய இடம் பச்சைத் துண்டு. நிமிர்ந்தபோது அது அவள் கையோடு வந்தது.

விருமாயி துண்டைப் பார்த்தாள், அதில் ஒட்டியிருந்த கடைக்காகிதத்தைப் பார்த்தாள், புருஷனின் பிடரியைப் பார்த்தாள்.

"எப்பப் போட்டீங்க?"

"நீ வேலைக்குப் போன அன்னைக்கு" என்றான் சோலையப்பன், திரும்பாமல். "இருளப்பன்தான் டவுன்ல வாங்கிட்டு வந்தான். உன்ன மாதிரி வீச வரல. மெதுவா நடந்து போயி வச்சுட்டு வந்தேன்."

"நடக்க மாட்டாத மனுசன், அதுக்காக மரம் வரைக்கும் நடந்தீங்களா?" என்று அதட்டினாள். அதட்டல் பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. "நான் எத்தன நாளு ஏசுனேன், கேட்டுக்கிட்டே இருந்தீங்களே!"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் அவன். அதற்கப்புறம்தான் திரும்பினான். "உக்காரு புள்ள."

விருமாயி உட்கார்ந்தாள். அந்தப் பஸ்ஸில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை, மேல்கம்பியைத் தேடிக் கை ஒருமுறை தானாக உயர்ந்து இறங்கியது. பிறகு பச்சைத் துண்டின் காகிதத்தைப் பதமாகக் கிழித்தெடுத்து, துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"திரும்பி வரும்போது ரெண்டு துண்டாப் போடுறேன்" என்றாள்.